எஃகும் சோர்வுறும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பாலங்கள், தொடர்வண்டிகள், வானூர்திகள், கடல்நடு மேடைகள் ஆகியவற்றை நம்பியே இன்றைய வாழ்வு இயங்குகிறது. இவற்றைத் தாங்கும் உலோகங்கள் பெருஞ்சுமையால் மட்டும் முறிவதில்லை. எளிதில் தாங்கத்தக்க சிறு சுமைகளை இலட்சக்கணக்கான முறை தாங்கிய பின்னரும் முறிகின்றன. அம்முறிவை முன்னரே மதிப்பிட்டு உயிர்களைக் காக்க முயலும் அறிவியலைத் தமிழில் அறிந்துகொள்வோம்.

மெல்லிய இரும்புக் கம்பியை ஒருமுறை வளைத்தால் அது உடைவதில்லை. அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் சற்று நேரத்தில் இரண்டு துண்டாகிவிடும். கடைசி வளைப்பு முதல் வளைப்பைவிட வலியதன்று, கைவிசையும் மிகவில்லை. ஆயினும், முதல் வளைப்பைத் தாங்கிய கம்பி கடைசி வளைப்பைத் தாங்கவில்லை. இடைப்பட்ட ஒவ்வொரு வளைப்பும் கம்பிக்குள் ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறது என்பது தெளிவு. இவ்வாறு மாறி மாறி வரும் சுமையால் உலோகம் உள்ளுக்குள் வலுவிழப்பதையே உலோகச் சோர்வு என்கிறோம்.

மென்மையான மயிற்பீலியேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்னும் கருத்தைத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் காண்கிறோம். அது சுமை மிகுவதால் நேரும் முறிவு. இங்கு நாம் காணவிருப்பதோ சுமை மிகாமலேயே நேரும் முறிவு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும் பழமொழி இதற்குச் சற்று நெருங்கி வருகிறது. எனினும், தேய்மானத்தில் கல் குறைவதைக் கண்ணால் காணலாம். சோர்வுற்ற எஃகில் எடை குறைவதில்லை, வடிவம் மாறுவதில்லை, வண்ணமும் மங்குவதில்லை. நுண்ணிய விரிசல் ஒன்று தோன்றி, மயிரிழை அளவாக வளர்ந்து, எஞ்சிய பகுதி சுமையைத் தாங்க இயலாத நொடியில் முறிவு நேர்கிறது. முன்னறிவிப்பின்மையே இதன் கொடுமை.

அச்சு முறிந்த மாலை

1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு மன்னரின் விழாவைக் கண்டு களித்த மக்கள் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் தொடர்வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தனர். வழியில் முன்னே சென்ற இழுபொறியின் அச்சு முறிந்தது. பின்வந்த இழுபொறியும் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தீப்பற்றின. பயணிகள் இறங்கிவிடாதிருக்கப் பெட்டிகளின் கதவுகளைப் பூட்டிவைப்பது அக்கால வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்முனைக் கடல்வரை சென்று திரும்பிய கடற்பயண வீரர் துய்மோன் துர்வில், தம் மனைவியுடனும் மகனுடனும் அவ்விபத்தில் உயிரிழந்தார்.

ஓடிப் பழகிய அச்சு ஏன் முறிந்தது? நீண்டநாள் அதிர்வால் இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது என்று அக்காலத்தவர் பலர் எண்ணினர். பிரித்தானியப் பொறியாளர் வில்லியம் ராங்கின் 1843இல் அக்கருத்தை மறுத்தார். அச்சின் தடிமன் திடீரெனக் குறையும் கூர்மூலையில் விரிசல் தொடங்கி உள்நோக்கிப் பரவுவதை அவர் சுட்டிக்காட்டினார். அம்மூலைகளை வளைவாக அமைக்க வேண்டும் என்றார். 1854இல் பிரெடரிக் பிரைத்வைட் என்னும் பொறியாளர் தம் கட்டுரையின் தலைப்பிலேயே உலோகத்தின் 'சோர்வு' என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். உயிருள்ளவற்றுக்கு உரிய சொல் இரும்புக்கும் உரியதாயிற்று.

வோலரின் வளைகோடு

காரணத்தை ஊகிப்பதோடு நில்லாமல் எண்ணி அளந்தவர் செருமானியத் தொடர்வண்டிப் பொறியாளர் அகஸ்ட் வோலர். ஓடும் வண்டியின் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதை அளக்க அவரே கருவி அமைத்தார். பின்னர் ஆய்வுக்கூடத்தில் அச்சுகளைச் சுமையேற்றிச் சுழலவிட்டார். சுமை தாங்கும் அச்சின் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் அமுங்கும். அச்சு அரைச்சுற்றுச் சுற்றியதும் இழுபட்ட பக்கம் அமுங்கும். அமுங்கிய பக்கம் இழுபடும். ஆகவே, வண்டி சீராக ஓடினாலும் அச்சின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை இருபுறமும் வளைக்கப்படுகிறது. மூன்று மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் 300 கிலோமீட்டர் செல்வதற்குள் ஓர் இலட்சம் முறை சுழன்றுவிடும். நாம் கையால் கம்பியை வளைத்ததும், வண்டி ஊர்போய்ச் சேர்வதும் உலோகத்தின் நோக்கில் ஒரே வகைச் செயல்களே.

ஓர் அலகுப் பரப்பில் உலோகத்துக்குள் எழும் எதிர்விசையைத் தகைவு என்பர். தகைவின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தகைவு வீச்சு எனப்படும். ஒரே அளவில் பல்லாயிரம் முறை தாங்கியும் உடையாத வீச்சு எது, சில ஆயிரம் முறைக்குள் உடைத்துவிடும் வீச்சு எது என்பதை வோலரின் ஆய்வுகள் வரிசைப்படுத்தின. 1870இல் அவர் தம் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். உலோகத்தை ஒரே இழுப்பில் முறிக்கத் தேவையான தகைவைவிட மிகக் குறைந்த தகைவும் திரும்பத் திரும்ப வந்தால் அதனை முறித்துவிடும். அம்முறிவைத் தீர்மானிப்பதில் தகைவு வீச்சே தலையாயது என்பன அவர் கண்டவை. வீச்சை ஓர் அச்சிலும் முறிவுவரை தாங்கும் சுழற்சிகளின் எண்ணிக்கையை மற்றோர் அச்சிலும் குறித்து வரையப்படும் கோடு இன்றும் வோலர் வளைகோடு என்றே வழங்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

பற்றவைத்த எஃகு இணைப்புகளுக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுவான விதி ஒன்றுண்டு. தாங்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை, தகைவு வீச்சின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். வீச்சு இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். வீச்சைப் பாதியாக்கினால் ஆயுள் எட்டு மடங்காகும். மதிப்பீட்டில் நேரும் சிறு பிழை, ஆயுட்கணக்கில் பெரும்பிழையாக விளைவது இதனால்தான்.

ஒழுங்கிலாச் சுமை

வோலரின் ஆய்வுக்கூடத்தில் சுமை ஒரே சீராக வந்தது. மெய்யுலகில் அவ்வாறு வருவதில்லை. பாலத்தின்மீது ஒருபொழுது மிதிவண்டி செல்லும். மறுபொழுது சரக்குந்து செல்லும். வானூர்தியின் இறக்கையைச் சிறுகாற்றும் தாக்கும், சூறையும் தாக்கும். கடல் அலைகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. அடுத்து வரும் சுமை இன்ன அளவினது என்று முன்கூட்டிச் சொல்ல இயலாத இவ்வகைச் சுமையை ஒழுங்கிலாச் சுமை என்போம். வெவ்வேறு அளவுள்ள சுமைகள் கலந்து வரும்போது ஆயுளை எவ்வாறு கணக்கிடுவது?

சுவீடன் நாட்டு அர்விட் பால்ம்கிரென் 1924இல் உருள்தாங்கிகளின் ஆயுளை ஆராய்ந்தபோதும், அமெரிக்க வானூர்திப் பொறியாளர் மில்ட்டன் மைனர் 1945இலும் எளிய விடை ஒன்றை முன்வைத்தனர். ஒரு வீச்சைப் பத்து இலட்சம் முறை தாங்கவல்ல இணைப்பு அவ்வீச்சை ஒருமுறை தாங்கினால், அதன் ஆயுளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு செலவாகிவிட்டது எனக் கொள்ளலாம். இவ்வாறு ஒவ்வொரு சுழற்சியின் சிதைவுப் பங்கையும் கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகை ஒன்றை எட்டும்போது முறிவை எதிர்பார்க்க வேண்டும். வரவே இல்லாமல் செலவு மட்டுமே எழுதப்படும் கணக்குப்புத்தகம் போன்றது இது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளங்கிக்கொள்வோம். ஓர் இணைப்பு பெரிய வீச்சை 10 இலட்சம் முறை தாங்கும் எனக் கொள்வோம். மும்மடி விதிப்படி அதில் பாதியளவான நடுத்தர வீச்சை 80 இலட்சம் முறையும், கால் பங்கான சிறு வீச்சை 640 இலட்சம் முறையும் தாங்கும். ஓராண்டில் பெரிய வீச்சு 20,000 முறையும், நடுத்தர வீச்சு 4 இலட்சம் முறையும், சிறு வீச்சு 19 இலட்சத்து 20 ஆயிரம் முறையும் நிகழ்வதாகக் கொள்வோம். அவற்றின் சிதைவுப் பங்குகள் முறையே 0.02, 0.05, 0.03 ஆகும். ஆண்டுக்கு மொத்தம் 0.10. ஆகவே, அவ்விணைப்பின் மதிப்பிட்ட ஆயுள் 10 ஆண்டுகள்.

இக்கணக்கில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. மிகுந்த சிதைவை விளைவித்தது மிகப்பெரிய வீச்சன்று. அடிக்கடி வந்த நடுத்தர வீச்சே. யாவரும் அஞ்சும் பெரும்புயலைவிட, எவரும் பொருட்படுத்தாத அன்றாட அலைகள் கடல்மேடையின் ஆயுளை மிகுதியாகக் குறைக்கக்கூடும்.

மழைநீர் காட்டிய வழி

சிதைவுப் பங்கைக் கூட்ட வேண்டுமாயின் முதலில் சுழற்சிகளை எண்ண வேண்டும். சீரான சுமையில் எண்ணுதல் எளிது. ஏறி, சற்று இறங்கி, மீண்டும் ஏறி, பின் அடிவரை இறங்கும் ஒழுங்கற்ற கோட்டில் எதனை ஒரு சுழற்சி என்பது?

தகைவு 0 அலகில் தொடங்கி 100க்கு ஏறுகிறது, 40க்கு இறங்குகிறது, 70க்கு ஏறுகிறது, மீண்டும் 0க்கு இறங்குகிறது என்று கொள்வோம். ஒவ்வோர் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனி அரைச்சுழற்சியாக எண்ணினால் 100, 60, 30, 70 என நான்கு வீச்சுகள் கிடைக்கும். ஆனால், உலோகம் அவ்வாறு உணர்வதில்லை. 100இலிருந்து 0 வரை இறங்கும் நெடும்பயணத்தின் இடையே 40க்கும் 70க்கும் நடுவில் ஒரு சிறு சுழற்சி நிகழ்ந்து முடிகிறது. அதனை நீக்கிப் பார்த்தால் 0 முதல் 100 வரை ஏறி இறங்கிய ஒரு முழுச்சுழற்சி எஞ்சுகிறது. ஆகவே, உண்மையில் நிகழ்ந்தவை 100 வீச்சுள்ள ஒன்றும், 30 வீச்சுள்ள ஒன்றுமாக இரண்டு முழுச்சுழற்சிகள். மும்மடி விதியால் கணக்கிட்டால், முதல் முறை உண்மையான சிதைவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் காணாமல் விட்டுவிடுகிறது. பாதுகாப்பானது என்று அறிவிக்கப்படும் ஆண்டுகள் அந்த அளவுக்குப் பொய்யாகின்றன.

இச்சிக்கலுக்கு 1968இல் சப்பானிய அறிஞர்கள் தட்சுவோ எண்டோவும் மட்சுயிஷியும் தீர்வு கண்டனர். தகைவுக் கோட்டைச் செங்குத்தாகத் திருப்பிக் காலம் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வதாக வைத்தால், அது அடுக்கடுக்கான கூரைகளையுடைய பௌத்தக் கோபுரத்தின் பக்கத் தோற்றம் போலக் காட்சி தரும். மேற்கூரையிலிருந்து வழியும் மழைநீர் கீழ்க்கூரையில் விழுந்து தொடர்ந்து ஓடுகிறது. வேறொரு நீரோட்டம் குறுக்கிட்டால் நின்றுவிடுகிறது. நீர் ஓடிய தொலைவே வீச்சின் அளவு. பெரிய அலைக்குள் அடங்கிய சிறிய அலையைத் தனியே பிரித்து, பெரிய அலையை முழுமையாகக் காக்கும் இம்முறைக்கு மழைநீர் வழிவு முறை என்று பெயர். தம் நாட்டுக் கூரையில் அன்றாடம் காணும் காட்சி ஒன்று, உலகப் பொறியாளர்கள் யாவரும் பயன்படுத்தும் கணக்கு முறைக்கு உவமையாயிற்று.

அலைக்கூட்டத்தின் விதி

இருபது ஆண்டுகள் நிற்கப்போகும் கடல்மேடையை இன்று வடிவமைக்கும்போது, இனி வரவிருக்கும் அலைகளை எண்ணுவது எங்ஙனம்? இங்கே புள்ளியியல் துணைக்கு வருகிறது. தனி அலையைக் கணிக்க இயலாது. அலைக்கூட்டத்தின் இயல்பைக் கணிக்கலாம். அலையுயரங்கள் எந்தப் பரவலைப் பின்பற்றுகின்றன என்பதை 1952இல் மைக்கேல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் என்னும் கணித அறிஞர் விளக்கினார். ஒலியாராய்ச்சிக்காக ராலே பிரபு முன்னரே கண்டிருந்த பரவலே அது. புயலில் எழும் அலைகளை உயரப்படி வரிசைப்படுத்தி, மேலுள்ள மூன்றில் ஒரு பங்கின் சராசரியைக் கண்டால், ஆயிரம் அலைகளுள் மிகப் பெரியது அச்சராசரியைப்போல ஏறத்தாழ 1.9 மடங்கு இருக்கும் என எதிர்பார்க்கலாம்.

சுமையின் ஆற்றல் எந்தெந்த அதிர்வெண்களில் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் காட்டும் படத்தை ஆற்றல் நிறமாலை என்பர். அந்நிறமாலையிலிருந்தே சுழற்சிகளின் எண்ணிக்கையையும் சிதைவையும் நேராக மதிப்பிடலாம். ஜான் மைல்ஸ் 1954இல் ஒழுங்கிலாச் சுமையின்கீழ் நேரும் சோர்வை ஆராய்ந்து இவ்வழியில் முன்னோடியாக விளங்கினார். பல அதிர்வெண்கள் கலந்த சிக்கலான சுமைகளுக்குப் பொருந்தும் வாய்பாட்டை 1985இல் துரான் டிர்லிக் அளித்தார். அலைகளை ஒவ்வொன்றாக எண்ணாமலேயே மழைநீர் வழிவு முறை தரும் விடையை நெருங்க அவ்வாய்பாடு உதவுகிறது.

கணக்கின் எல்லை

பால்ம்கிரென், மைனர் ஆகியோரின் கூட்டல் விதி, எந்தச் சுமை முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று பார்ப்பதில்லை. உலோகமோ வரிசையையும் நினைவில் கொள்கிறது. இதனை உலகுக்கு உணர்த்தியது காமெட் என்னும் வானூர்தி.

உலகின் முதல் தாரை வகைப் பயணிகள் வானூர்தியான காமெட் 1952 மே மாதம் பயணிகள் சேவையைத் தொடங்கியது. 1954 சனவரி 10ஆம் நாள் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே ஒரு காமெட் நடுவானில் சிதறி 35 பேர் மாண்டனர். அது 1,290 முறை பறந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் மற்றொன்று நேப்பிள்சு அருகே வீழ்ந்து 21 பேர் மாண்டனர். பின்னர் இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒரு காமெட் உடற்பகுதியை நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் செலுத்தினர். முன்பு பறந்தவற்றையும் சேர்த்து 3,057ஆம் சுழற்சியில் அது பிளந்தது.

அவ்வானூர்தி விற்பனைக்கு வருமுன் சோர்வுச் சோதனைக்கு உட்படாமலில்லை. ஆனால், அச்சோதனைக்குப் பயன்பட்ட பகுதி, அதற்கு முன்னரே மிகை அழுத்தச் சோதனைக்கும் உட்பட்டிருந்தது. முதலில் வந்த மிகை அழுத்தம் துளைகளின் ஓரங்களைச் சற்றே நிலையாக நீளச் செய்து, பின்னர் விரிசல் தோன்றுவதைத் தாமதப்படுத்திவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் தாங்கியது வானில் தாங்கவில்லை. சோதனை நடந்தது, எண்ணிக்கையும் பிழையில்லை, எண்ணப்பட்ட பொருளும் பறந்த பொருளும் ஒரே வரலாறு உடையவையல்ல என்பதை மட்டும் எவரும் கருதவில்லை.

ஆறு மில்லிமீட்டர்

நார்வே எழுத்தாளர் அலெக்சாண்டர் கீலாண்டின் பெயர் தாங்கிய கடல்மேடை ஒன்று வடகடலில் எண்ணெய்த் தொழிலாளர்களின் தங்குமிடமாக மிதந்துகொண்டிருந்தது. ஐந்து பெருந்தூண்கள் அதனைத் தாங்கின. 1980 மார்ச் 27ஆம் நாள் மாலை அதன் தூண்களுள் ஒன்று பிய்ந்து விலகியது. மேடை சாய்ந்து, அரைமணி நேரத்துக்குள் கவிழ்ந்தது. உள்ளிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். அன்று காற்று வலுவாகவே வீசியது. எனினும், அக்கடலுக்கு அது புதிதன்று.

முறிவு தொடங்கிய இடம் தூணுமன்று. தூணைப் பிணைத்த குறுக்குக்குழாய் ஒன்றில், நீரடி ஒலிவாங்கியைப் பொருத்துவதற்காக ஒரு தாங்கி பற்றவைக்கப்பட்டிருந்தது. அது சுமை தாங்கும் உறுப்பன்று என்பதால் அதன் பற்றவைப்புக்கு உரிய கவனம் கிட்டவில்லை. ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள அப்பற்றவைப்பிலிருந்து விரிசல் கிளம்பி, அலைதோறும் வளர்ந்து, குழாயைச் சுற்றிவந்தது. விரிசலின் ஒரு பகுதிக்குள் வண்ணப்பூச்சு காணப்பட்டது. மேடைக்கு வண்ணம் பூசப்படுமுன்பே, அஃதாவது கடலைக் காணுமுன்பே, அவ்விரிசல் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

தெரிந்து தெளிவோம்

மதிப்பீட்டில் பிழை நேரலாம் என்பதால் பொறியாளர்கள் பாதுகாப்புப் பெருக்கம் சேர்க்கின்றனர். கடல்மேடைகளில் எட்டிச் சென்று சோதிக்க இயலாத முக்கிய இணைப்புகளுக்கு, தேவையான ஆயுளைப்போலப் பத்து மடங்கு ஆயுள் கணக்கில் வருமாறு வடிவமைப்பது நடைமுறையில் உள்ளது. இருபது ஆண்டுகள் பயன்படவேண்டிய இணைப்பு, கணக்கில் இருநூறு ஆண்டுகள் தாங்க வேண்டும்.

மதிப்பீடும் பொறுப்பும்

சோர்வு மதிப்பீடு சோதிடமன்று. இன்ன நாளில் முறியும் என்று அது சொல்வதில்லை. எந்த இணைப்பை முதலில் பார்க்கவேண்டும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும், எப்போது மாற்றவேண்டும் என்பவற்றுக்கு அது விடை தருகிறது. கணக்கு சுட்டும் இடத்தில் கண்ணும் கருவியும் செல்லவேண்டும். தொடர்வண்டியின் அச்சுகளையும் தண்டவாளங்களையும் மீயொலி கொண்டு சோதிப்பது நம் நாட்டிலும் நாள்தோறும் நடைபெறும் பணியாகும். வெர்சாய் விபத்து நேர்ந்த காலத்தில் அச்சுக்குள் நோக்க வழியில்லை. இன்று வழி உண்டு.

ஒவ்வொரு விபத்துக்கும் பின்னர் இவ்வறிவியலில் ஒரு விதி சேர்ந்திருக்கிறது. கூர்மூலையை வளைவாக்கு, சுழற்சியைச் சரியாக எண்ணு, வரிசையை மறவாதே, சிறு பற்றவைப்பையும் இகழாதே. இவ்விதிகளுக்கு விலை கொடுத்தவர்கள் பயணம் முடித்து வீடு திரும்பாத மனிதர்கள். எஃகு தன் சோர்வை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதன் சார்பில் கணக்கெழுதும் கடமை, அதனைக் கட்டியெழுப்பியவரையும் காத்துப் பேணுபவரையும் சேர்ந்தது. நாளை அக்கணக்கை எழுதும் கைகளுள் உங்கள் கையும் இருக்கலாம்.

சொல்லும் பொருளும்

தகைவு – ஓர் அலகுப் பரப்பில் எழும் எதிர்விசை. தகைவு வீச்சு – தகைவின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடு. சிதைவுப் பங்கு – மொத்த ஆயுளில் செலவான பகுதி. நிறமாலை – அதிர்வெண்படி ஆற்றல் பரவியுள்ள முறை. மீயொலி – மனிதச் செவிக்கு எட்டாத மிகை அதிர்வெண் ஒலி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பாலம் ஒன்றின்மீது ஒரு மணி நேரத்தில் செல்லும் ஊர்திகளைச் சிறியன, நடுத்தரமானவை, பெரியன என வகைப்படுத்தி எண்ணி, அட்டவணை ஒன்று உருவாக்குக.
2. 'சோர்வு' என்பதுபோல, உயிருள்ளவற்றுக்கு உரிய சொற்கள் அறிவியல் கலைச்சொற்களாக வழங்குவதற்கு ஐந்து எடுத்துக்காட்டுகள் திரட்டுக.

பலவுள் தெரிக

பற்றவைத்த எஃகு இணைப்பில் தகைவு வீச்சு பாதியானால் ஆயுள்
அ) இரு மடங்காகும் ஆ) நான்கு மடங்காகும் இ) எட்டு மடங்காகும் ஈ) மாறாது

குறுவினா

1. ஒழுங்கிலாச் சுமை என்றால் என்ன?
2. தேய்மானத்துக்கும் சோர்வுக்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா

1. மழைநீர் வழிவு முறைக்கு அப்பெயர் வந்த காரணத்தை விளக்குக.
2. காமெட் வானூர்தியின் முன்சோதனை உண்மையான ஆயுளைக் காட்டாதது ஏன்?

நெடுவினா

'சிறு குறையும் பேரழிவுக்கு வித்தாகும்' – கடல்மேடை விபத்தைச் சான்றாகக் கொண்டு, சோர்வு மதிப்பீட்டின் தேவையைக் கட்டுரையாக்குக.